லீவர் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா, எந்த சைட்: முதலில் எதை முடிவு செய்வது?

.357 மேக்னத்திலோ .44 மேக்னத்திலோ ஒரு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் (விசையைச் சுற்றியுள்ள கைப்பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றுவது) வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பீப் சைட் போடட்டுமா, ரெட் டாட் போடட்டுமா?" சைட் என்றால் குறி பார்க்கும் கருவி; பீப் துளை வழியே பார்ப்பது, ரெட் டாட் ஒளிப் புள்ளியால் குறி காட்டுவது. தோட்டாவைப் பற்றிய கேள்வி அதற்கப்புறம்தான் வருகிறது. சிலருக்கு அது வருவதே இல்லை, கடையில் எது கிடைத்ததோ அதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். நான் இந்த வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் தோட்டா, அப்புறம் சைட்.

காரணம் எளிமையானது. கைத்துப்பாக்கித் தோட்டா போடும் ரைஃபிளில் ஒரே குழலில் இரண்டு வகைத் தோட்டா சுடலாம் என்பதுதான் பலரும் இதை வாங்கக் காரணமே, .357 ரைஃபிளில் .38 ஸ்பெஷலும் போகும், .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷலும் போகும். ஆனால் 158 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) .357 குண்டு ரைஃபிள் குழலிலிருந்து வினாடிக்கு 1,800 அடி வேகத்தில் கிளம்புகிறது, அதே எடையுள்ள .38 குண்டு 900 அடியைத் தொட்டாலே பெரிய விஷயம். புவியீர்ப்பை வைத்துக் கணக்குப் போட்டால் 50 கஜத்தில் .38 குண்டு .357 குண்டை விட சுமார் 4 அங்குலம் கீழே போய் விழும், 100 கஜத்தில் அதை விட ஒன்றேகால் அடிக்கு மேல் இறங்கிவிடும். ஒரு தோட்டாவுக்கு அச்சுப் பிசகாமல் வைத்த சைட், இன்னொன்றுக்கு இலக்கையே தவறவிடும். எதைச் சுடப்போகிறோம் என்று தெரியாமல் எதால் பார்ப்பது என்று முடிவு செய்ய முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

தூரம்தான் முதல் அளவுகோல். உங்கள் வேலை உண்மையில் எத்தனை கஜத்துக்குள் நடக்கிறது? ஆசைப்படும் தூரத்தைச் சொல்லாதீர்கள், வழக்கமாகச் சுடும் தூரத்தைச் சொல்லுங்கள். இந்த ரைஃபிள்களின் இயல்பான எல்லை 100 கஜம், நன்றாகப் பழகியவர் கையில் .44 என்றால் 125, 150. அதற்கு மேல் போனால் குண்டு வளைந்து இறங்கும் வேகம் நம் கணிப்பை மிஞ்சிவிடும்.

இரண்டாவது, எதைச் சுடுகிறீர்கள் என்பது. காகிதம், இரும்புத் தட்டு, மான், பன்றி, ஒவ்வொன்றுக்கும் குண்டின் அமைப்பு வேறு. மூன்றாவது, உங்கள் ரைஃபிளின் உடல். சுட்டபின் மிஞ்சும் காலிக் கூட்டை அது மேலே எறிகிறதா, பக்கவாட்டில் எறிகிறதா, அதன் பூட்டு எவ்வளவு அழுத்தம் தாங்கும், குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு வேகமானதா மெதுவானதா. நான்காவது, உங்கள் கண். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்பவர்கள் குறைவு, ஆனால் சைட் தேர்வில் பாதி முடிவு இதில்தான் இருக்கிறது.

கடைசியாகப் பணம். பெட்டி மேல் எழுதியிருக்கும் விலையை மட்டும் சொல்லவில்லை, அந்தப் பொருளை வாங்கியதால் இன்னும் என்னென்ன வாங்க வேண்டி வரும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

## எந்தத் தோட்டாவாக இருந்தாலும்: குண்டின் மூக்கு

தேர்வுக்குப் போகுமுன் பேரம் பேசக்கூடாத ஒரு விஷயம். இந்த ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் மேகசின் என்பது குழலுக்குக் கீழே ஓடும் ஒரு நீளக் குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின்னால் இருக்கும் குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமர் (அடியில் இருக்கும், அடித்தால் தீப்பற்றும் சின்ன மூடி) மேல் நேராக அழுந்தி நிற்கும். கூர்மூக்குக் குண்டைப் போட்டால், சுடும்போது வரும் உதையில் அந்த மூக்கு பிரைமரைக் குத்தி மேகசினுக்குள்ளேயே வெடிக்க வாய்ப்பிருக்கிறது. அந்தக் குழாய் இருப்பது உங்கள் இடது உள்ளங்கைக்குள். அதனால் தட்டைமூக்குக் குண்டு, அல்லது உருண்டு வந்து நுனியில் தட்டையான குண்டு, இவற்றை மட்டுமே வாங்குங்கள்.

ஹார்னடி நிறுவனத்தின் லெவரெவல்யூஷன் தோட்டாவில் கூர்முனை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த முனை ரப்பர் போல அமுங்கும் மென்மையான பிளாஸ்டிக், குழாய் மேகசினுக்காகவே செய்தது. .357ல் 140 கிரெய்ன், .44ல் 225 கிரெய்ன் குண்டு. காற்றைக் கிழித்துப் போவதில் தட்டைமூக்கை விட மேல். செலவு அதிகம், அப்புறம் காலிக் கூட்டைச் சேர்த்து மறுபடி நிரப்புகிறவர்களுக்கு ஒரு தொல்லையும் உண்டு: மொத்த நீளம் கூடாமல் இருக்க அந்தக் கூடுகளைக் கொஞ்சம் குட்டையாகவே வெட்டியிருக்கிறார்கள், மற்ற கூடுகளோடு கலந்துவிட்டால் பிரித்து எடுப்பது தலைவலி.

## .38 ஸ்பெஷல்

மெதுவானது, சத்தம் குறைவு, உதை இல்லை என்றே சொல்லலாம், விலையும் .357ஐ விடக் குறைவு. 158 கிரெய்ன் ஈயக் குண்டு ரைஃபிளிலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது, அதனால் அந்தச் சாட்டையடிச் சத்தம் வராது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கும், வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பழக்குகிறவர்களுக்கும், நாள் முழுக்க இரும்புத் தட்டைத் தட்டிக்கொண்டிருக்க விரும்புகிறவர்களுக்கும் இதை விட நல்ல தோட்டா கிடையாது.

நீளக் குழலால் .38க்குப் பெரிய லாபம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டுக்குள் இருப்பது கொஞ்சம் மருந்து, அது குழலின் முதல் சில அங்குலத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும், மீதி நீளம் முழுக்கக் குண்டு உராய்ந்துகொண்டுதான் போகிறது. அதனால்தான் மிக மென்மையாக நிரப்பிய தோட்டாவில், அதுவும் செப்பு உறை போட்ட குண்டாக இருந்தால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. சத்தம் வழக்கத்தை விட மந்தமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். இறக்கிவிட்டுக் குழலைப் பாருங்கள். மென்மையான தோட்டா என்றால் ஈயக் குண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, கரி வளையம். .38 கூடு .357 கூட்டை விட 3.4 மில்லிமீட்டர் குட்டை. அது முடியும் இடத்துக்கு முன்னால், தோட்டா உட்காரும் அறையின் உட்சுவரில் கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படியும். நூறு இருநூறு .38 சுட்டபின் துடைக்காமல் .357 போட்டால் லீவர் கடைசி அரை அங்குலத்தில் தயங்கும், சுட்ட கூடு வெளியே வர அடம்பிடிக்கும். அந்தத் தயக்கத்தைக் கையால் அழுத்தி மூடாதீர்கள். நல்ல வெண்கலத் தூரிகையை அறைக்குள் விட்டுச் சுழற்றினால் தீரும், ஆனால் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஏறும் தகராறு. குட்டைத் தோட்டாவை எல்லா ரைஃபிளும் ஒழுங்காகத் தூக்கிக் கொடுப்பதில்லை. தட்டையாக வெட்டிய வாட்கட்டர் குண்டு பெரும்பாலும் ஏறாது, தோள்பட்டையுள்ள செமி வாட்கட்டர் சில ரைஃபிளில் ஓடும் சிலதில் முட்டும். மொத்த நீளம் .357க்குப் பக்கத்தில் வரும்படி குண்டை வெளியே நீட்டி வைத்த .38 கிடைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

## .357 மேக்னம்

1935ல் கைத்துப்பாக்கிக்காக வந்த தோட்டா, ஆனால் இதன் முழு பலம் ரைஃபிளில்தான் தெரிகிறது. மெதுவாக எரியும் மருந்து நிறைய இருப்பதால் நீளக் குழல் முழுக்கத் தள்ளிக்கொண்டே வருகிறது. வின்செஸ்டர் வெளியிட்ட அட்டவணையில் 158 கிரெய்ன் குண்டு கைத்துப்பாக்கியில் 1,235 அடி, ரைஃபிளில் 1,830 அடி. ரைஃபிளிலிருந்து போன அதே குண்டு 100 கஜம் தாண்டும்போதும் 1,427 அடியில் இருக்கிறது, அதாவது கைத்துப்பாக்கி வாயிலிருந்து கிளம்பும் வேகத்தை விட அப்போதும் அதிகம்.

இந்த ஒரு வரியில் தோட்டா தேர்வின் பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. கைத்துப்பாக்கிக்கென்று செய்த, மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு 1,200, 1,300 அடி வேகத்தில் சரியாக விரியும்படி வடிவமைத்தது. அதை 1,800 அடியில் 30 கஜத்தில் ஒரு மானின் தோளில் அடித்தால், எலும்பைத் தாண்டும் முன்பே சிதறிப் போகலாம், காயம் அகலமாக இருக்கும், ஆழம் இருக்காது. விலங்கு வலியோடு ஓடிவிடும். வேட்டைக்குப் போகிறவர் இதைப் பொருட்படுத்தாமல் இருக்கவே கூடாது. 158 அல்லது 180 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட் (உறைக்கு வெளியே நுனியில் ஈயம் தெரியும் குண்டு), இல்லையென்றால் கடினமாக வார்த்த தட்டைமூக்கு ஈயக் குண்டு, இவைதான் வேட்டைக்கு. 110, 125 கிரெய்ன் லேசான ஹாலோ பாயிண்ட் பெட்டிகளைச் சிறு பிராணிகளுக்கும் காகிதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

100 கஜத்தில் மிஞ்சும் ஆற்றல் 715 அடி-பவுண்டு. என் கணக்கில் மானுக்கு 100 கஜம்தான் இதன் கடைசி, 75க்குள் என்றால் மனசு நிம்மதியாக இருக்கும். வேட்டைக்குக் குறைந்தபட்சக் கேலிபர், ஆற்றல், ஈயக் குண்டுத் தடை என்று இடத்துக்கு இடம் சட்டம் வேறு, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயம் கிடையாது. தோட்டா வாங்குவதற்கு முன்பே உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

மென்மையான ஈயக் குண்டை இந்த வேகத்தில் ஓட்டினால் குழலில் ஈயம் ஒட்டும். உறையோ, பூச்சோ, அடியில் செப்புத் தட்டோ உள்ள குண்டுதான் முழு வேகத்துக்கு. மைக்ரோ குரூவ் என்ற ஆழமில்லாத வரிகளோடு வந்த பழைய மார்லின் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

## .44 மேக்னம்

1955ல் வந்தது. 240 கிரெய்ன் குண்டு ரைஃபிளில் 1,760 அடி, 100 கஜத்தில் 1,362 அடி, ஆற்றல் 988 அடி-பவுண்டு. .357ஐ விட எடை அதிகம், துளை பெரிது, பன்றிக்கும் பெரிய மானுக்கும் சந்தேகமில்லாமல் நல்லது. 100 கஜத்துக்கு சைட் வைத்தால் 150ல் சுமார் அரை அடி இறங்கும், அந்த வளைவு .357க்கும் கிட்டத்தட்ட அதேதான். தூரத்துக்காக .44 வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: .44 அதிக தூரம் தட்டையாகப் போவதில்லை, போன இடத்தில் அதிக பலத்தோடு அடிக்கிறது, அவ்வளவுதான்.

செலவு வேறு விதமாக வரும். பெட்டி விலை கூடுதல், உதை கூடுதல், இரும்புப் பட்டை அடிக்கட்டையுள்ள இலகுவான ரைஃபிளில் ஒரு பெட்டி சுட்டால் தோள் நன்றாகவே வலிக்கும். வலித்தால் பழகுவது குறையும், பழகுவது குறைந்தால் அந்தக் கூடுதல் பலத்தால் பயனில்லை. .44 ஸ்பெஷல் மென்மையானது, ஆனால் .38 போல எங்கும் மலிவாகக் கிடைக்காது. சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு .44 சிக்கனம், கடையில் வாங்கியே சுடுகிறவர்களுக்கு .357தான் சிக்கனம்.

குழல் முறுக்கையும் பாருங்கள். பழைய மார்லின் 1894 .44ல் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மிக மெதுவான முறுக்கு. 240 கிரெய்ன் அழகாகப் போகும், 300க்கு மேல் போனால் காகிதத்தில் துளைகள் விலகத் தொடங்கும். "எடை கூடினால் நல்லது" என்று 300 கிரெய்ன் பெட்டியை மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

## .45 கோல்ட், .44-40

இரண்டும் 1873ல் பிறந்தவை. பழைய பாணிப் போட்டிகளுக்கும், மெதுவான பெரிய ஈயக் குண்டின் சுகத்துக்கும் இவை. .45 கோல்ட்டின் வரையறுத்த அழுத்தம் 14,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357 35,000, .44 மேக்னம் 36,000. வலுவான புதுத் துப்பாக்கிகளுக்கென்று கூடுதல் அழுத்தத்தில் நிரப்பிய .45 கோல்ட் பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன, அவற்றை 1873 வின்செஸ்டரின் நகல்களில் போடவே கூடாது. அந்த வடிவத்தின் முழங்கை போல மடங்கும் பூட்டு, பிரவுனிங் வடிவமைத்த 1892ன் இரட்டைப் பூட்டுக்கு அருகில் கூட வராது. .45ல் இன்னொரு தொல்லை, குறைந்த அழுத்தத்தில் கூடு அறைச் சுவரோடு ஒட்டி அடைக்காததால் புகைக்கரி பின்னால் வந்து எந்திரத்துக்குள் படியும். மெல்லிய கழுத்துள்ள .44-40 இதில் மேல், ஆனால் தேடித்தான் வாங்க வேண்டும்.

## இனி சைட்: நான்கும் பக்கத்தில் பக்கத்தில்

| சைட் | சரியான தூரம் | மங்கிய வெளிச்சத்தில் | எந்த ரைஃபிளில் சுலபம் | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|---|
| கூடவே வரும் பக்ஹார்ன் | 50 கஜம் வரை | சுமார் | எல்லாவற்றிலும் | ஏதுமில்லை, கண் நன்றாக இருந்தால் |
| பீப் | 100 கஜம் வரை | அகலத் துளை என்றால் நல்லது | துளையிட்ட ரிசீவர் (எந்திரம் இருக்கும் நடுப்பகுதி) உள்ளவை | பெரும்பாலும் உயரமான முன் சைட் |
| ரெட் டாட் | 100 கஜம் வரை | மிக நல்லது | மார்லின், ஹென்றி. 1892 வகையில் குழல் மேல் | மவுண்ட், கன்னப்பட்டை, பேட்டரி |
| குறைந்த உருப்பெருக்க ஸ்கோப் | 150 கஜம் வரை | நல்லது | பக்கவாட்டில் எறிபவை மட்டும் | மவுண்ட், வளையம், ஹேமர் நீட்டிப்பு, கன்னப்பட்டை |

### பக்ஹார்ன்

ரைஃபிளோடு வருவதால் இதை மட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின் சைட்டுக்கு அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு சின்னத் தகடு இருக்கும், அதை முன்னே பின்னே தள்ளினால் சைட் ஏறி இறங்கும். இரண்டு தோட்டா சுடுகிறவருக்கு இது எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள். .357க்குக் கீழ்ப்படி, .38க்கு மேல்படி. 50 கஜத்தில் அந்த 4 அங்குல வித்தியாசத்தைச் சரிசெய்ய, 16 அங்குல சைட் இடைவெளியில் பின் சைட் ஏற வேண்டியது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. எந்தப் படி எந்தத் தோட்டாவுக்கு என்று ஒரு நாள் சுட்டுப் பார்த்துத் தகட்டின் பக்கத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், விரல் நுனியால் மாற்றிக்கொள்ளலாம். பேட்டரியில் ஓடும் எதுவும் இவ்வளவு சுலபமாக இதைச் செய்யாது.

குறை கண்ணில்தான். பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரத்தையும் கண் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பின் சைட் பஞ்சுபோல மங்கும். இருபக்கக் கொம்புகளும் இலக்கின் பாதியை மறைக்கின்றன. கண் நன்றாக இருந்து, 50 கஜத்துக்குள் இரும்புத் தட்டுதான் உங்கள் வேலை என்றால் காசைத் தோட்டாவுக்குச் செலவழியுங்கள். கௌபாய் ஆக்‌ஷன் போட்டிகளில் (பழைய பாணித் துப்பாக்கிகளோடு நடப்பவை) ஸ்கோப்புக்கும் டாட்டுக்கும் இடமே இல்லை, குண்டும் ஈயமாக, 1,400 அடிக்குள் இருக்க வேண்டும்.

### பீப்

ரிசீவரின் பின்பக்கத்தில், கண்ணுக்கு அருகில் ஒரு சின்ன வளையம். வளையத்தைப் பார்க்கக்கூடாது, அதன் வழியே பார்க்க வேண்டும். கண் தானாகவே முன் சைட்டை நடுவில் கொண்டுவந்துவிடும், நீங்கள் முயற்சி செய்ய வேண்டியதில்லை. மூன்று தூரம் இரண்டாகக் குறைகிறது. பின் சைட் குழலிலிருந்து ரிசீவருக்கு நகர்வதால் சைட் இடைவெளி பல அங்குலம் கூடி, சின்னப் பிழை சின்னதாகவே இருக்கிறது. எடை கூடாது, ரைஃபிளை நடுவில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், மழையில் நனைந்தால் ஊதிவிட்டால் போதும்.

ஸ்கின்னர், வில்லியம்ஸ், எக்ஸ்எஸ் எல்லாம் இதைச் செய்கிறார்கள். குறுகிய துளை காகிதத்துக்கு, அந்தத் துளையுள்ள திருகைக் கழற்றிவிட்டால் கிடைக்கும் அகலத் துளை வேட்டைக்கும் விடியற்காலைக்கும். திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போடாதீர்கள், தொலைந்துவிடும், சிமிழ் ஒன்றில் வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவு முன் சைட். ரிசீவர் பீப், பழைய பின் சைட்டை விட உயரத்தில் உட்காரும், அதனால் குண்டு மேலே போகும், முன் சைட்டை உயர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது: எத்தனை அங்குலம் மேலே போகிறதோ அதை சைட் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் அங்குலத்தில். இடைவெளி 20 அங்குலம், 50 கஜத்தில், அதாவது 1,800 அங்குலத்தில், 6 அங்குலம் மேலே அடிக்கிறது என்றால் 0.067 அங்குலம், 1.7 மில்லிமீட்டர் உயரமான முன் சைட் தேவை. தோராயமாக வாங்கினால் இரண்டு முறை வாங்க வேண்டி வரும்.

கட்டையின் கழுத்தில் பொருத்தும் டாங் சைட் இன்னும் நீள இடைவெளி தரும், பார்க்கவும் அழகு. .38க்கும் .45 கோல்ட்டுக்கும் நன்றாக இருக்கும். முழு வேக .44ல் வேண்டாம், உதையில் கண்ணுக்கு மிக அருகில் வருகிறது.

### ரெட் டாட்

இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் இருக்கும். வயதான கண்ணுக்கு இதை விடக் கருணையான சைட் கிடையாது. இரண்டு கண்ணும் திறந்தே சுடலாம், ஓடும் பன்றிக்கும் மங்கும் வெளிச்சத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். பேட்டரி பயம் பழங்கதை, எய்ம்பாயிண்ட் மைக்ரோ டி-2 ஒரே பேட்டரியில் 50,000 மணி நேரம் ஓடும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. மலிவானவற்றில் அந்த உறுதி இல்லை. 2 எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அளவு) புள்ளி வாங்குங்கள், 100 கஜத்தில் சுமார் 2 அங்குலத்தை மறைக்கும். 6 எம்ஓஏ புள்ளி 6 அங்குலத்தை மறைக்கும், 50 கஜத்துக்குள் மட்டும் என்றால் சரி.

வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். புள்ளி உங்களுக்கு வால் முளைத்தது போலவோ, கொத்தாகச் சிதறியது போலவோ தெரிந்தால் போன் கேமராவை அதன் வழியே வைத்துப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் குறை கருவியில் இல்லை, உங்கள் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் என்ற வளைவுக் குறை இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்தும் சரியாகவில்லை என்றால் பீப் பக்கம் திரும்பிவிடுங்கள், விலை கூடிய டாட் வாங்கினாலும் இது தீராது.

பழைய பாணிக் கட்டையின் முதுகு தாழ்வு, இரும்பு சைட்டுக்காக வெட்டியது. டாட் அதற்கு மேல் ஒன்றரை அங்குலமாவது உயரத்தில் நிற்கும். கன்னம் கட்டையில் படியாமல் காற்றில் தொங்கும், தாடையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கட்டையில் கட்டும் தோல் பட்டை ஒன்று போட்டால் சரியாகும், அதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு தோட்டா மாற்றிச் சுடுகிறவருக்கு டாட் ஒரு தோட்டாவுக்கு மட்டும்தான் சரியாக இருக்கும், மற்றதற்கு எவ்வளவு உயர்த்திப் பிடிப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டும்.

### ஸ்கோப்

இதைக் குறைவாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இது தேவையில்லை. 1892 வகை, 1873 வகை, 1982க்கு முந்தைய வின்செஸ்டர் 94, எல்லாம் கூட்டை நேர்மேலே எறிகின்றன. ரிசீவர் மேல் ஸ்கோப் வைத்தால் கூடு அதில் முட்டித் திரும்பி உள்ளே விழும். முன்னால் குழல் மேல் வைக்கும் ஸ்கவுட் வகை ஒன்று உண்டு, குறுகலாகத் தெரியும், வெயில் பின்னாலிருந்து அடித்தால் கண்ணாடி கூசும். மார்லின் 1894ம் ஹென்றி பிக் பாயும் பக்கவாட்டில் எறிவதால் அவற்றில் வைக்கலாம்.

வைத்தால் 1-4 அல்லது 2-7. அதற்கு மேல் உருப்பெருக்கம் இந்தத் தோட்டாக்களின் தூரத்துக்கு வீண். .44ல் திறந்தவெளியில் மான் வேட்டை, கண்ணும் சுமார் என்றால் ஸ்கோப்புக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் சுடுமுன் பின்னால் இழுத்து வைக்கும் ஹேமருக்கும் ஸ்கோப்புக்கும் இடையே கட்டைவிரல் நுழைய இடமிருக்காது. பக்கவாட்டு நீட்டிப்புத் திருகு கட்டாயம் வாங்க வேண்டும், அது இல்லாமல் தோட்டா உள்ளே இருக்கும்போது ஹேமரை மெதுவாக இறக்க முயன்றால் விரல் வழுக்கும். கையுறை போட்டிருந்தால் இன்னும் மோசம்.

## யாருக்கு எது

உங்களிடம் .357 ரைஃபிள், பாதி நாள் இரும்புத் தட்டு, வருடத்தில் சில நாள் மரக்காட்டில் மான் என்றால்: பழக .38 ஈயம், வேட்டைக்கு 158 சாஃப்ட் பாயிண்ட், பீப் சைட். உயரத்தைத் திருகால் மாற்றக்கூடிய பீப்பாக வாங்கி, இரண்டு தோட்டாவுக்கும் எத்தனை சொடுக்கு என்று கட்டையின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கிற பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கண் மங்கியவர், ஒரே தோட்டாவில் நிற்கத் தயாராக இருப்பவர்: மார்லின் அல்லது ஹென்றியில் ரெட் டாட். .44ஆக இருந்தால் 240 சாஃப்ட் பாயிண்ட். 92 வகை வைத்திருந்தால், பின் சைட் இருந்த இடத்தில் பொருத்தும் மவுண்டில் டாட்டை முன்னால் வைக்கலாம், டாட்டுக்குக் கண் தூரம் ஒரு பொருட்டில்லை.

போட்டிக்காரர், பழைய துப்பாக்கியின் அழகை விரும்புகிறவர்: .38 அல்லது .45 கோல்ட் ஈயம், பக்ஹார்ன், முன் சைட்டில் பித்தளை மணி. எதையும் மாற்ற வேண்டாம். இரும்புத் தட்டில் உறைக் குண்டு சுட்டால் செப்புத் துண்டுகள் திரும்பி வரும், ஈயம்தான் பாதுகாப்பு, அப்போதும் கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள். ஈயம் சுட்ட நாளில் சாப்பாட்டைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

## வாங்கும் வரிசை

மூன்று வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள், ஒரே வகையில் மூன்று பெட்டி வேண்டாம். மேகசினை நிரப்பி ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வேகமாகவும் லீவரை ஓட்டிச் சுட்டுத் தீருங்கள். மெதுவாக ஓட்டும்போது சிக்கும் தோட்டா வேட்டையில் கட்டாயம் சிக்கும், அதை அங்கேயே கழித்துவிடலாம். மிஞ்சியவற்றை 50 கஜத்தில் மூட்டையில் சாய்த்து வைத்து ஐந்தைந்தாகச் சுட்டு, எது இறுக்கமாகக் கூடுகிறது, நடுப்புள்ளியிலிருந்து எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே என்று காகிதத்திலேயே எழுதுங்கள்.

அதற்குப் பிறகுதான் பீப்போ டாட்டோ. பீப் என்றால், அதைப் பொருத்தி, தேர்ந்தெடுத்த அதே தோட்டாவைச் சுட்டு, மேலே போகும் அங்குலத்தை அந்தக் கணக்கில் போட்டு, கிடைக்கும் உயரத்துக்கு முன் சைட்டை ஆர்டர் செய்யுங்கள். முன் சைட் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.